பழவேற்காட்டில் இரண்டு சீட்டுக்கட்டுகள்

காட்டூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் ஷேர் ஆட்டோ இருமிவிட்டு நின்றது. ஓட்டுநர் இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்து எல்லோரையும் இறங்கிக்கொள்ளச் சொன்னார். இரண்டு பக்கமும் அறுவடை நடக்கும் வயல்கள், தலைக்கு மேல் தை மாத வெயில். பிரான்சில் நான் இருக்கும் மார்செய் நகரத்தில் டிராம் வண்டி சற்று நேரம் நின்றாலே பயணிகள் ஓட்டுநரைச் சுற்றிக்கொண்டு ஒரு பொதுக்கூட்டம் நடத்திவிடுவார்கள். இங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை. மீஞ்சூரில் மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு வந்த ஒரு அம்மாள் தன் தண்ணீர் பாட்டிலை ஓட்டுநரிடம் நீட்டினாள். அவ்வளவுதான்.

நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்தது. அந்த அம்மாளே கையைக் காட்டி நிறுத்தி, "இவங்கள ஏத்திக்கோப்பா, வெளியூரு" என்று என்னையும் மேலே ஏற்றிவிட்டாள். நான் வெளியூர் என்பது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். நான் கைப்பையைப் பிடித்திருந்த விதத்தில் தெரிந்ததாம்.

பையைக் கட்டிப்பிடித்திருந்ததற்குக் காரணம் உண்டு. உள்ளே இரண்டு சீட்டுக்கட்டுகள் இருந்தன.

நான் காரைக்காலில் பிறந்தவள். கல்யாணமாகி பிரான்சுக்குப் போனேன். கணவர் இறந்த பிறகு மார்செய்யில் சீட்டுக்கட்டு அச்சிடும் ஒரு சிறிய பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். நாங்கள் அச்சிடுவது டாரட் சீட்டுகள். குறி சொல்கிறவர்கள் கையில் அதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் முதலில் அது வெறும் விளையாட்டுச் சீட்டுதான். மரக்கட்டையில் படம் செதுக்கி, மை தடவி அச்சிட்டு, அட்டையில் வெட்டிய துளைகள் வழியாக வண்ணம் பூசுவார்கள். அந்த நகரத்துப் பட்டறைகளில் இருந்து நிறைய வெளியானதால் மார்செய் பாணி என்று பேர். பழைய கட்டுகள் சில நூலகங்களில் பத்திரமாக இருக்கின்றன. கட்டை தேய்ந்து சில கோடுகள் காணாமல் போயிருக்கும், வண்ணம் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும், ஓரமெல்லாம் கை அழுக்கு. எங்களைப் போன்ற பட்டறைகள் அவற்றை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு, தொலைந்த கோட்டை மறுபடி வரைந்து, மங்கிய வண்ணத்தை ஊகித்து, புதுக்கட்டு தயாரிக்கின்றன. மீட்டெடுத்த கட்டு என்று சொல்லி விற்போம். வண்ணம் என் பொறுப்பு.

பட்டறையின் சொந்தக்காரி மிரேய்க்கும் எனக்கும் பல மாதமாக ஒரு சண்டை. பதின்மூன்றாம் சீட்டில் ஒரு எலும்புக்கூடு அரிவாளோடு நிற்கிறது. மற்ற படங்களுக்கெல்லாம் கீழே பேர் இருக்கும், இதற்கு மட்டும் இருக்காது. மரணம் என்று எழுத யாரும் விரும்பவில்லை போலும். நாங்கள் ஆதாரமாக எடுத்துக்கொண்ட பழைய கட்டில் அந்த எலும்புக்கூட்டுக்கு ஒரு பாதம் இல்லை. கட்டை தேய்ந்து போயிருக்கிறது, பாதத்தை வரைந்துவிட வேண்டும் என்பது மிரேயின் கட்சி. செதுக்கியவனே வேண்டுமென்று விட்டிருக்கலாம் என்பது என் கட்சி.

இந்த நேரத்தில்தான் ஒரு பத்திரிகையில் பழவேற்காடு டச்சுக் கல்லறையின் நுழைவாயிலைப் படத்தில் பார்த்தோம். இரண்டு தூண்களிலும் எலும்புக்கூடு. என் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு நான் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மிரேய் சொன்னாள்: போய்ப் பார்த்துவிட்டு வா, அந்தக் காலத்து ஐரோப்பியன் எலும்புக்கூட்டுக்குப் பாதம் வைத்தானா என்று. இது ஒரு நியாயமா என்று கேட்காதீர்கள். கல்லறைக் கல்லுக்கும் சீட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் இரண்டு பிடிவாதக்காரிகள் மாதக்கணக்கில் சண்டை போட்டால் கடைசியில் யாரையாவது நடுவராக ஏற்றுக்கொள்ள வேண்டித்தான் இருக்கிறது.

அப்படித்தான் பழைய கட்டின் நகல் ஒன்றையும், நாங்கள் தயாரித்த புதுக்கட்டின் மாதிரி ஒன்றையும் தூக்கிக்கொண்டு நெல் மூட்டை மேல் உட்கார்ந்து பழவேற்காட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

தங்கியது தனம் வீட்டில். கல்யாணப் பெண் மீஞ்சூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது அவளோடு வேலை செய்தவள் தனத்தின் தங்கை. அந்த வழியில் கிடைத்த வீடு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேட்டில் இருக்கும் ஒரு குப்பம். வாசலில் நின்றால் ஒரு காதில் கடல் கேட்கிறது. தனத்துக்கு நாற்பது வயதிருக்கும். கணவர் ஏகாம்பரம் கடலுக்குப் போகிறவர். மகள் பொன்னேரியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மகளின் கட்டில் எனக்கு.

அன்று சாயங்காலம் சாப்பாடு மடவை மீன் குழம்பும் எறா தொக்கும். மார்செய்யில் மீனவர்கள் விலை போகாத முள்மீனையெல்லாம் ஒன்றாகக் கொதிக்க வைத்து ஒரு சூப் செய்வார்கள். இப்போது அது பெரிய ஓட்டல்களில் வெள்ளித் தட்டில் வருகிறது. அதைப் பற்றித் தனத்திடம் சொன்னேன். புளி போடுவார்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். அதற்கு மேல் அவள் அந்தச் சூப்பைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

சீட்டுக்கட்டு என்றதும் ஏகாம்பரம் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ரம்மி ஆடலாமா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. படச்சீட்டுகளை ஒதுக்கிவிட்டு மீதியை அவர் முன் வைத்தேன். கோப்பை, வாள், காசு, தடி என்று நாலு ஜாதி. கொஞ்ச நேரம் புரட்டிப் பார்த்தார். வாள் இஸ்பேடு, கோப்பை ஆட்டின், காசு டைமன், தடி கிளாவர் என்று அவரே வகுத்துக்கொண்டார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் வரிசையாகத் தோற்கடித்தார். எதிராளி கையில் என்ன இருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிற ஆள். சிரிக்கும்போது தோள் குலுங்கும், சத்தம் வராது. விடிவதற்கு முன் கடலுக்குப் போக வேண்டும் என்று சொல்லிச் சீக்கிரமே படுத்துவிட்டார்.

மறுநாள் நான் எழுந்தபோது அவர் போய்விட்டிருந்தார். இட்லியும் வடகறியும் சாப்பிட்டுவிட்டுக் கல்லறைக்குக் கிளம்பினேன்.

நான் நினைத்ததைவிடச் சிறிய இடம். சுவருக்கு வெளியே ஆடுகள், கொஞ்சம் தள்ளி ஒரு டீக்கடை. நுழைவாயிலின் இரு பக்கமும் அந்த இருவர். கல்லில் செதுக்கிய விலா எலும்புகளை விரலால் தொட்டுப் பார்த்தேன். செதுக்கியவன் எலும்புக்கூட்டை நேரில் பார்த்தானோ இல்லையோ, சீட்டு செதுக்கியவனைப் போலவே அவனும் விலா எலும்பை ஏணிப்படி மாதிரி அடுக்கியிருந்தான்.  கடல் தாண்டி எங்கோ ஒரு பட்டறையில் மரத்தில் வெட்டிய அதே கை இங்கேயும் வந்து வெட்டியதோ என்று தோன்றியது.

பிறகு குனிந்து பாதத்தைப் பார்த்தேன். உப்புக்காற்றில் கல் அரித்து, கணுக்காலுக்குக் கீழே எல்லாம் ஒரே சொரசொரப்பு. பாதம் இருந்து தேய்ந்ததா, ஆரம்பத்திலேயே இல்லையா என்று சொல்ல முடியவில்லை. இவ்வளவு தூரம் வந்து நடுவரும் கையை விரித்துவிட்டார். சிரிப்புதான் வந்தது.

உள்ளே போனேன். தரையோடு பதித்த பெரிய கற்களில் கப்பலும் கேடயமும் பூக்கொத்தும் செதுக்கி, சுற்றிலும் எழுத்து. வியாபாரிகள், அவர்களுடைய மனைவிமார், குழந்தைகள். துணி வாங்க வந்தவர்கள் துணியை அனுப்பிவிட்டு இங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களுடைய மாலுமிகளின் பெட்டிகளிலும் சீட்டுக்கட்டு இருந்திருக்கும். சாயங்காலத்தில் இந்த ஏரிக்கரையில் உட்கார்ந்து ஆடியிருப்பார்கள். நினைத்துப் பார்க்க நன்றாக இருந்தது. நிறையப் படம் எடுத்துக்கொண்டு, தோணிரேவுப் பக்கம் கொஞ்சம் சுற்றிவிட்டுக் குப்பத்துக்குத் திரும்பினேன்.

தனம் வீட்டில் இல்லை. அடுப்பு பற்றவைக்கப்படாமல் இருந்தது. கடற்கரைக்குப் போனேன். படகுகள் பல மணலில் ஏற்றப்பட்டிருந்தன. தண்ணீர் ஓரத்தில் தனமும் இன்னொரு பெண்ணும் நின்றிருந்தார்கள். அந்தப் பெண் சுப்பம்மா. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவள், தெலுங்குதான் சரளமாக வரும். அவள் மகன் ரமணா ஏகாம்பரத்தின் படகில் போகிறவன்.

மற்ற படகுகள் காலையிலேயே திரும்பிவிட்டன. இவர்களுடையது மட்டும் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. வாடைக்காற்று வேகமாக இருந்ததாகவும், விடியும் நேரத்தில் தூரத்தில் இவர்களுடைய விளக்கைப் பார்த்ததாகவும், பிறகு காணவில்லை என்றும் வந்தவர்கள் சொன்னார்கள். குப்பத்து ஆண்கள் சிலர் ஏற்கெனவே இரண்டு படகில் தேடப் போயிருந்தார்கள்.

"வந்துடுவாரு. இன்ஜின் மக்கர் பண்ணியிருக்கும்" என்றாள் தனம். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கடலைப் பார்த்துச் சொன்னாள். மகளுக்குச் சொல்லலாமா என்று யாரோ கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டினாள்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என் கணவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நடைபாதை நாற்காலியில் அப்படி ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். அப்போது யார் வந்து பேசினாலும் எரிச்சலாக இருந்தது, யாரும் பேசாவிட்டாலும் எரிச்சலாக இருந்தது. அதனால் பக்கத்தில் சும்மா நின்றேன். வெயில் தாங்காமல் மூன்று பேரும் வலைக் கொட்டகை நிழலுக்கு வந்து உட்கார்ந்தோம். அங்கிருந்தும் கடல் தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்துத் தனம், "அக்கா, அந்தச் சீட்டக் குடுங்க. கையி சும்மா இருந்தா மனசு எங்கெங்கியோ போவுது" என்றாள்.

பையைத் திறந்தேன். திறந்த கையோடு எனக்கு அந்தப் பதின்மூன்றாம் சீட்டு ஞாபகம் வந்தது. இரண்டு கட்டிலிருந்தும் அதை உருவி, பையின் உள்ளறையில் தள்ளிவிட்டுத்தான் மீதியை வெளியே எடுத்தேன். அவள் கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.

படச்சீட்டுகளை மட்டும் எடுத்து மணலில் ஒரு துணியை விரித்து ஜோடி ஜோடியாக வைத்தாள். பழையது இடது பக்கம், புதியது வலது பக்கம். "பத்திரிகையில ஆறு வித்தியாசம் போடுவாங்களே, அது மாதிரி" என்றாள். அதற்குப் பிறகு அந்த மதியம் முழுவதும் நாங்கள் செய்தது அதுதான்.

நான் பட்டறையில் கண்ணாடி வைத்துப் பார்க்கும் வேலையை அவள் வெறும் கண்ணால் பார்த்தாள். சக்கரவர்த்தியின் தாடியில் பழையதில் வழிந்திருந்த நீலம் புதியதில் இல்லை என்றாள். வித்தைக்காரனின் மேஜையில் தாயக்கட்டை ஒன்று புதிதாக முளைத்திருக்கிறது என்றாள். ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டாள், நான் சொன்னேன். இன்னொரு பழைய கட்டில் அந்தத் தாயக்கட்டை இருந்தது, அதைப் பார்த்து வரைந்தோம். நீலம் அச்சுப் பிழை என்று முடிவு செய்து எடுத்துவிட்டோம். "நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா" என்றாள். ஆமாம், நாங்களேதான்.

ஒவ்வொரு ஜோடி முடிந்ததும் தலையைத் தூக்கிக் கடலைப் பார்ப்பாள். பிறகு அடுத்த ஜோடி.

நிலாச் சீட்டில் குளத்துக்குள் ஒரு பிராணி இருக்கும். பழையதில் மை அப்பி ஒரு கறுப்புத் திட்டு, புதியதில் நாங்கள் கால்களைத் தனித்தனியாகப் பிரித்திருந்தோம். தனம் நண்டு என்றாள். சுப்பம்மா எட்டிப் பார்த்து எறா என்றாள். பிரான்சில் ஆற்றில் கிடைக்கும் ஒன்று, இரண்டுமில்லை என்று நான் சொன்னதை இரண்டு பேரும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு நொடி மூன்று பேரும் சிரித்துவிட்டோம். சிரித்ததற்காக மூன்று பேருக்கும் சங்கடமாகிக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

அப்போதுதான் சுப்பம்மா தெலுங்கில் ஏதோ சொன்னாள். தனம் திருப்பிச் சொல்லத் தயங்கினாள். சுப்பம்மா விடவில்லை. கடல் தாண்டி இரண்டு கட்டைச் சுமந்துகொண்டு ஒருத்தி வந்திருக்கிறாள் என்றால் அது ஏதாவது சொல்லத்தானே செய்யும், என் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று பார்த்துச் சொல்லட்டும் என்றாளாம்.

எனக்குக் குறி சொல்லத் தெரியாது, நான் வண்ணம் பூசுகிறவள் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை கயிறு இழுத்துக் காய்த்திருந்தது. நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சூரியன் சீட்டு எதிரே கிடந்தது, இரண்டு பிள்ளைகள் தோளில் கை போட்டு நிற்கும் படம். அதை எடுத்துக் காட்டினால் போதும். ஆனால் அந்தப் பிள்ளை வராமல் போனால் அவள் வாழ்நாள் முழுக்க என்னுடைய அந்த வார்த்தையையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கும். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

"அதெல்லாம் பாக்காது அத்தே. வெளயாட்டுச் சீட்டு" என்று தனம் எனக்காகச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நடுவுல ஒண்ணு காணோம்."

நான் தெரியாத மாதிரி இருந்தேன். அவள் வீட்டுச் சுவரில் கல்யாணத்துக்கு வந்த கடிகாரம் ஒன்று மாட்டியிருக்கிறது, ரோமன் எண் போட்டது. அந்த எண்களை வைத்து, பன்னிரண்டுக்கு மேல் தானே ஊகித்துக்கொண்டு, சீட்டுகளை அடுக்கியிருக்கிறாள். பன்னிரண்டாம் சீட்டில் ஒருவன் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குகிறான். அவனுக்கும் அடுத்த சீட்டுக்கும் நடுவே ஒரு இடம் விட்டு வைத்திருந்தாள்.

"பையில வச்சிருக்கிறீங்க. நான் பாத்தேன். குடுங்க."

கொடுத்தேன். வேறு வழியில்லை. அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். சுப்பம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு என் மேலேயே கோபமாக வந்தது, இந்த ஊருக்கு இந்த நாளில் இதைத் தூக்கிக்கொண்டு வந்ததற்கு.

தனம் குனிந்து இரண்டையும் பார்த்தாள்.

"இவன் எங்க ஊரு கல்லற வாசல்ல நிக்கிறவன்தானே. ஸ்கூலுக்குப் போறப்ப சாக்பீஸால இவனுக்கு மீச போடுவோம்" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு விரலை வைத்து வித்தியாசம் தேட ஆரம்பித்தாள். அரிவாளின் நிறம். தரையில் கிடக்கும் கை. கடைசியில் விரல் கீழே வந்து நின்றது. "பழசுல இவனுக்குக் கால் இல்ல. புதுசுல நீங்க வச்சிட்டீங்க."

நான் வைக்கவில்லை, இந்த மாதிரியில் என் முதலாளியம்மா வரைந்து பார்த்திருக்கிறாள், இன்னும் முடிவாகவில்லை என்று எங்கள் சண்டையைச் சொன்னேன். கல்லறை வாசலில் குனிந்து பார்த்ததையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே கடலைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

"வெக்காதீங்கக்கா. கால் இல்லாமலே இருக்கட்டும். மெதுவா வரட்டும்."

சொல்லிவிட்டு அந்த இரண்டு சீட்டையும் எடுத்து அதனதன் கட்டில் செருகினாள். 

வெயில் சாய ஆரம்பித்த நேரத்தில் தனத்தின் போன் அடித்தது. தெரியாத நம்பர். அவள் எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். நான் எடுத்து ஹலோ என்றேன். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். அதற்கு நடுவே ஏகாம்பரத்தின் குரல், தனம் எங்கே என்று கேட்டது.

 போனை அவள் காதில் வைத்தேன். அவள் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். முகத்தைப் பார்த்தே சுப்பம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. மணலில் அப்படியே சரிந்து உட்கார்ந்து, தன் தலையில் தானே தட்டிக்கொண்டு சிரித்தாள்.

நடந்தது இதுதான். கடலில் மிதந்து வந்த ஒரு அறுந்த வலை இன்ஜின் விசிறியில் சுற்றிக்கொண்டது. வெட்டி எடுக்கப் பார்த்தபோது விசிறியின் தண்டே முறிந்துவிட்டது. ஏகாம்பரத்தின் போன் தண்ணீரில் விழுந்தது. ரமணாவின் போனில் சிக்னல் இல்லை, பிறகு சார்ஜும் இல்லை. காற்றும் தண்ணீரும் அவர்களைத் தெற்கே இழுத்துக்கொண்டே போயின. காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் கிரேன்கள் வந்து, கடந்து, பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். காசிமேட்டு லாஞ்சு ஒன்று பார்த்துக் கயிறு கட்டி எண்ணூருக்கு இழுத்து வந்து சேர்த்திருக்கிறது. தேடப் போனவர்களுக்கும் செய்தி போனது.

தனம் வீட்டுக்குப் போய் அரிசி களைந்தாள். நான் வெங்காயம் உரித்தேன். ஒரு முறை திரும்பிப் பார்த்தபோது அவள் அடுப்பின் முன் குந்தி, முந்தானையை முகத்தில் அழுத்திக்கொண்டு இருந்தாள். நான் வெளியே போய் நின்றேன். மிரேயிடம் பேச வேண்டும் போலிருந்தது. கூப்பிட்டு, பாதம் வைக்க வேண்டாம் என்றேன். கல் அப்படிச் சொன்னதா என்று கேட்டாள். கல் எதுவும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன் என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, சரி என்று சொல்லிவிட்டாள். பல மாதத்தில் முதல் தடவையாக அவள் எனக்குச் சரி சொன்னாள்.

இருட்டும் நேரத்தில் ஏகாம்பரமும் ரமணாவும் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். யாரோ கொடுத்த சட்டை ஏகாம்பரத்தின் தோளில் பிடித்துக்கொண்டிருந்தது. ரமணாவுக்குக் கிடைத்தது முழங்காலைத் தொட்டது. சுப்பம்மா ஓடிப்போய் மகனை முதுகில் இரண்டு அடி போட்டாள். பிறகு தெலுங்கில் செல்லமாக நைனா நைனா என்று கட்டிக்கொண்டாள். ஏகாம்பரம் தனத்தைப் பார்த்தார். முதலில் படகைப் பற்றித்தான் பேசினார்.

"போட்டு நல்லாத்தான் கீது" என்றார்.

"போட்ட யாரு கேட்டா" என்றாள் தனம்.

சாப்பாடு மிளகு ரசமும் சுட்ட கருவாடும்தான். அவர் மூன்று முறை சோறு வாங்கினார். நானும் அப்படித்தான். வயிறு அதுவரை பசியை மறந்தே இருந்திருக்கிறது.

மூன்றாம் நாள் காலை ஏகாம்பரம் ரமணாவோடு எண்ணூருக்குக் கிளம்பினார். தண்டை மாற்றிப் படகைக் கடல் வழியாகவே கொண்டு வர வேண்டும். தனமும் தலையைப் பின்னிக்கொண்டு வாசலில் தயாராக நின்றாள். எங்கே என்று கேட்டார். நானும் வருகிறேன் என்றாள். அந்தக் குப்பத்தில் பெண்கள் கடல் படகில் ஏறும் வழக்கம் இல்லை. சுப்பம்மா தெலுங்கில் நீளமாக ஏதோ சொன்னாள். அதைத் தனம் எனக்குத் தமிழில் சொல்லவில்லை. ஏகாம்பரம் ரமணாவைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், என்னைக்கூடப் பார்த்தார். அன்றைக்குக் காற்று அடங்கியிருந்தது. காற்றைக் காரணம் காட்டவும் அவருக்கு வழியில்லை.

"நேத்து கரையில உக்காந்துனு பாத்தது போதும்" என்றாள் தனம். அதோடு பேச்சு முடிந்தது.

நானும் அன்றே ஊர் திரும்ப வேண்டியிருந்ததால் மீஞ்சூர் வரை நான்கு பேரும் ஒன்றாக வந்தோம். வண்டி வழியில் எங்கேயும் நிற்கவில்லை. ஆட்டோ ஸ்டாண்டில் இறங்கியதும் தனம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த தடவை வந்தால் நண்டு செய்கிறேன் என்றாள். அவர்கள் எண்ணூர் பஸ்ஸில் ஏறினார்கள். எனக்கு மீஞ்சூரில் ஒரு வேலை இருந்தது. தனத்தின் தங்கை வீட்டில் மத்தியானச் சாப்பாடு, மறுக்க முடியாதது. சாப்பிட்டு, அங்கேயே சற்றுத் தூங்கி, வெயில் தாழ்ந்த பிறகு ஸ்டேஷனுக்கு வந்தேன்.

பிளாட்பாரத்தில் ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் கூட்டம். ரயில் வருவதாக அறிவித்துவிட்டார்கள். அப்போது போன் அடித்தது. தனம். இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டு ஓரமாக ஒதுங்கினேன். காட்டுப்பள்ளியைத் தாண்டிவிட்டார்களாம். குப்பம் கண்ணுக்குத் தெரிகிறதாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன் ஊரைக் கடலிலிருந்து இப்போதுதான் பார்க்கிறாளாம். பின்னால் ஏகாம்பரம், எழுந்து நிற்காதே என்று கத்துவது கேட்டது. அவள் நின்றுகொண்டுதான் பேசியிருக்க வேண்டும்.

"அக்கா, எங்க வூடு இம்மாத்தூண்டு கீதுக்கா" என்றாள். "இத வச்சித்தான் இவுரு தெனம் கரைய கண்டுபுடிச்சி வர்றாரா?"

ரயில் வந்து நின்றது. நான் ஏறவில்லை. அவள் பேசி முடிக்கட்டும் என்று நின்றிருந்தேன்.